கொடாததை எடாமை



பஞ்சசீலத்துள் இரண்டாவதாக நாம் ஏற்கும் சீலம் "அதின்னாதானா வேரமணி" என்பதாம். இதனைத் திருடாமை என்று சுருக்கிச் சொல்லிவிடுவது நம் வழக்கம். பாளிச் சொல்லின் பொருளோ அதனினும் விரிந்தது. கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாதிருத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். பூட்டை உடைத்தவன் மட்டுமல்லன், "யாரும் தடுக்கவில்லையே" என்று எடுத்துச் சென்றவனும் இச்சீலத்தின் முன் விடை கூறக் கடமைப்பட்டவனே.

காசு, தானியம், நிலம் ஆகியவற்றின்மேல் இச்சீலத்தை வைத்து நாம் பலமுறை சிந்தித்திருக்கிறோம். இன்று மனித எலும்பின்மேல் வைத்துச் சிந்திப்போம். மேனாட்டுப் பொருட்காட்சிசாலைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மண்டையோடுகளும் எலும்புகளும் பெருந்தொகையாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றை வைத்திருத்தல் அறமா? ஆராய்தல் அறமா? திருப்பித் தருதல் கடமையா?

"உடல் அநித்தியமானது. பஞ்சகந்தங்கள் பிரிந்தபின் எலும்பு எங்கே கிடந்தால் என்ன?" என்று நம்முள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி தகுதியானதே. மகாசதிபட்டான சுத்தத்தில் பகவன் புத்தர், இடுகாட்டிலே எறியப்பட்ட உடலின் ஒன்பது நிலைகளையும், அது வீங்குவது முதல் எலும்பு வெளுத்துத் தூளாவது வரையில், கண்டு தியானிக்குமாறு பிக்குகளுக்கு உபதேசித்தார். ஆதலின் பிணத்தை உற்றுநோக்குவதும், அதனால் அறிவு பெறுவதும் பௌத்தனுக்குப் பாவமல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிக்கு அவ்வெலும்பிலே கண்டது தன் உடலின் இயல்பை. "இவன் தாழ்ந்தவன், நான் உயர்ந்தவன்" என்று நிறுவ அவன் அதனை அளக்கவில்லை. மூட்டையாகக் கட்டிக்கொண்டும் போகவில்லை.

பகவனின் சொந்தத் தாதுக்களின் வரலாறும் இதனையே போதிக்கிறது. குசிநாரையிலே தகனம் முடிந்தபின், தாதுக்களை வேண்டி அரசர்கள் பலர் படையெடுக்க முற்பட்டனர். துரோணன் என்னும் பிராமணன் எழுந்து, பொறுமையைப் போதித்தவரின் எலும்புக்காகப் போர் செய்வது தகாது என்று அறிவுறுத்தி, அவர்கள் இசைவுடன் எட்டுப் பங்காக அளந்து கொடுத்தான். பிந்திவந்த மோரியருக்குத் தகனத்துக் கரியே கிடைத்தது. அவர்கள் அதனை ஏற்று அதன்மேல் ஸ்தூபி எழுப்பினர். கேட்டுப் பெற்ற கரியும் ஸ்தூபிக்கு உரியதாயிற்று. பறிக்க நினைத்த எலும்போ போருக்குக் காரணமாக இருந்தது.

இனிச் சாஞ்சிக்கு வருவோம். 1851ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் கன்னிங்காமும் மெய்சி என்னும் படை அதிகாரியும் அங்குள்ள ஸ்தூபிகளைத் தோண்டினர். ஒரு ஸ்தூபியின் நடுவே இரண்டு கற்பெட்டிகள் இருந்தன. ஒன்றின் மூடியில் சாரிபுத்தரின் பெயரும், மற்றொன்றில் மகாமொக்கல்லானரின் பெயரும் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. பகவனின் வலக்கையும் இடக்கையும் போன்ற அக்கிரசாவகர் இருவரின் தாதுக்கள் அவை. சிறுசிறு எலும்புத் துண்டுகளே. பெயர் எழுதப்பட்டிருந்தது, இடம் ஸ்தூபியாக இருந்தது, ஆயினும் "யாருக்கு உரியவை?" என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. கடல் கடந்து சென்ற அத்தாதுக்கள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையில் காட்சிப் பொருளாயின.

மகாபோதி சங்கத்தார் அவற்றைத் திரும்பக் கேட்டனர். எலும்பைத் தந்துவிட்டுப் பேழையை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கே முதலில் இருந்தது. கலைக்குப் பேழை, பக்திக்கு எலும்பு என்று பாகம் பிரிக்கப் பார்த்தனர்! இறுதியில் பேழைகளும் வந்து சேர்ந்தன. 1947இல் தாதுக்கள் இலண்டனை விட்டுப் புறப்பட்டு, இலங்கை மக்களின் வணக்கத்தைப் பெற்று, 1949 ஜனவரியில் கல்கத்தாவில் பிரதமர் நேருவின் கையால் மகாபோதி சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1952 நவம்பரில் சாஞ்சியின் சேதியகிரி விகாரையில் நிலைபெற்றன. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் இன்றும் அங்கே மக்கள் கூடி அவற்றை வணங்குகின்றனர்.

இது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆயினும் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. சாரிபுத்தருக்காகக் கேட்கப் பல தேசங்கள் இருந்தன. கேட்க ஆளில்லாத எலும்புக்கு யார் பேசுவது?

இலங்கையின் ஆதிகுடிகளான வேடர்களின் மண்டையோடுகள் ஒன்பது, இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்தன. 2019இல் அவர்களின் தலைவர் அங்கே நேரில் சென்று அவற்றைப் பெற்றுக்கொண்டார். 2024 அக்டோபரிலோ, நாக மக்களுள் ஒருவரின் மண்டையோடு இங்கிலாந்தில் ஏலத்திற்கு வந்தது. நாகாலாந்தில் எழுந்த எதிர்ப்பினால் அது ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. ஒரு தாயின் மகனுக்கு விலை குறித்தார்கள்! தாதரின் சைத்தியபூமியில் பாபாசாகேபின் அஸ்தியின் முன் தலை தாழ்த்தும் நமக்கு, நாகரின் துயரமும் வேடரின் துயரமும் விளங்காமற் போகுமா?

அறிவியலின் பெயரால் நடந்தது என்பர். அதனையும் ஆராய்வோம். 1885 முதல் 1908 வரையில் சென்னைப் பொருட்காட்சிசாலைக்கு, எளிய மக்கள் "செத்த காலேஜ்" என்றழைத்த அந்த இடத்திற்கு, மேற்பார்வையாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் உயிரோடிருந்த மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து சாதி சாதியாகப் பதிந்தார். மூக்கின் அளவு சமூகத் தாழ்வுயர்வைக் காட்டும் என்று ரிஸ்லி போன்ற அதிகாரிகள் வாதித்தனர். பாபாசாகேப் என்ன செய்தார்? 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதாரைப் பற்றிய நூலில், அத்தகைய அளவுகளையே எடுத்துக்காட்டி, பிராமணரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனத்தவர் என்னும் கூற்று நில்லாது என்று நிறுவினார். அளவுகோலில் குற்றமில்லை, அதைப் பிடித்த கையின் நோக்கத்திலேதான் குற்றமும் குணமும் உள்ளன. ஆராய்ச்சியை நாம் வெறுக்கவேண்டியதில்லை. கேளாமல் எடுப்பதையும், இழிவுபடுத்த அளப்பதையுமே மறுக்கிறோம்.

பஞ்சாலைக்குள் வரும் ஒவ்வொரு பேலின்மேலும் அது எந்த ஊர்ப் பஞ்சு, எவரிடம் வாங்கியது என்னும் குறி இருக்கும். குறியில்லாத பேலை ஆலை உள்ளே விடாது. பஞ்சுக்குள்ள இந்த மரியாதை மனிதனுக்கு இல்லாமற் போயிற்று. இந்தியாவிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிநாட்டு மருத்துவ மாணவர்களுக்காகக் கப்பலேறி வந்தன. 1985இல்தான் அரசு அந்த ஏற்றுமதியைத் தடுத்தது. அவை பெரும்பாலும் ஏழைகளின் எலும்புகள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? நம் முன்னோரைக் குழிவெட்டவும் பிணம் சுமக்கவும் பணித்த சமூகம், அவர்கள் இறந்தபோது ஊருக்கு வெளியே தனி இடுகாட்டையே ஒதுக்கியது. உயிரோடிருந்தபோது கேளாதவர்கள், இறந்தபின்னா கேட்பார்கள்?

ஆதலின் மூன்று கடமைகள் உள. வைத்திருப்பவர் அவ்வெலும்பு எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்பதை மறைக்காமல் எழுதிவைக்கவேண்டும். உரியவரைத் தேடிக் கேட்கவேண்டும். அவர்கள் வேண்டின் திருப்பித் தரவேண்டும். திரும்பிய எலும்பை எரிப்பதா, புதைப்பதா, காப்பதா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் எரிப்பவர், இட்டுச் செல்பவர், குழியில் புதைப்பவர், தாழியால் மூடுபவர் அனைவருக்கும் இடமிருந்தது. அவரவர் முறையை மதிப்பதே அக்காவியம் காட்டும் பழந்தமிழ்ப் பண்பு. உரியவர் இசைந்து, ஆராய்க என்று தந்தால், அது தானம். உயிரோடிருக்கும்போதே தன் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுப்பவனும் தானமே செய்கிறான். கொடுத்ததை ஏற்றால் சீலம் கெடாது.

நமக்கும் ஒரு கடமை உண்டு. மருத்துவமனையில் உரிமைகோரப்படாத உடல்கள் சட்டப்படி உடற்கூற்றுக் கூடங்களுக்குச் செல்கின்றன. அவ்வுடல்கள் யாருடையவை? நகரத்திற்குப் பிழைக்க வந்து, உறவின்றி மாண்ட கூலிகளுடையவை. அவர்கள் தம் உடலைத் தந்தவர்கள் அல்லர், கேட்க ஆளற்றவர்கள். நம் தெருவில் தனியாய் வாழும் முதியவர் எவர் என்று ஒவ்வொரு சங்கமும் அறிந்துவைத்திருக்கட்டும். நோயில் அருகிருங்கள். "உம் உடலை என்ன செய்யவேண்டும்?" என்று கூச்சமின்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் மறைந்தால், "இவர் எங்களவர்" என்று சென்று கையொப்பமிடுங்கள்.

சாஞ்சிக்குச் சென்று சாரிபுத்தரை வணங்குவது புண்ணியமே. பெயரற்ற ஒருவனுக்குப் பெயர் சொல்லி முன்வருவதும் அதே புண்ணியமாகும்.

சாது! சாது! சாது!