பாதி சொன்ன பக்குவம்

பகுத்துண்ணலை அறமெனப் போற்றும் மரபு நம்முடையது. உணவைப் பகிர்தல் அறமாயின், உணவு பற்றிய அறிவைப் பகிர்தலும் அறமே என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். எனக்கோ, எவ்வளவு பகிர்ந்தால் அவ்வறம் நிறைவுறும் என்பதில்தான் ஐயம்.

சாலாக் செலாத்தானில் இருப்புப்பாதையை அடுத்த வேலியோரத்தில் மூதாட்டி ஒருவர் கீரை பறிப்பதைப் பல காலைப்பொழுதுகளில் கண்டிருக்கிறேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் அவர் முந்தானையில் சேரும். இம்மூன்றின் பெயரையும் ஏட்டில் எழுதத் தெரிந்த என் மாணவர்கள், இலையைக் காட்டினால் விழிப்பார்கள். ஒருநாள் அவரை நெருங்கி, பறித்தவற்றின் பெயர்களைக் கேட்டேன். “எதுக்குங்க ஐயா? இதெல்லாம் இல்லாதவங்க திங்கிற கீரை” என்று சொல்லி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

அந்த நாணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அது அவருடைய பெற்றோர் காலத்தில் தொடங்கியது. 1941 இறுதியில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1945 வரை நீடித்த அவ்வாட்சியில் அரிசி அரிதாகவே, மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் தரித்தனர். போர் முடிந்து அரிசி மீண்டதும் அக்கிழங்கு பசியின் அடையாளமாகிவிட்டது. பட்ட பாட்டைப் பிள்ளைகள் அறியலாகாது என்று பெற்றோர் பலர் மறைத்தனர். பசியை மறைக்கப்போய்ப் பக்குவத்தையும் மறைத்தனர். கசக்கும் கிழங்கை விலக்கு, தோலை நீக்கு, ஊறவை, நன்கு வேகவை, வெந்த நீரைக் கொட்டிவிடு என்பன வெறும் சமையற் குறிப்புகளல்ல. மரவள்ளியில் சயனைடு நஞ்சு தோன்றும் இயல்பு உண்டு. வேதியியல் கல்லாதவர்கள் கையாலும் நாவாலும் கண்டறிந்த காப்பு அது.

மறைத்தல் பிழையெனில், பாதி சொல்லுதல் யாது?

நாம் தவசிக்கீரை என்பதை மலாய்க்காரர் செக்கூர் மானிஸ் என்பர். கேரளத்திலும் ஏறக்குறைய அப்பெயரே வழங்குகிறது. கோலாலம்பூரில் சீனர் அதனைப் பான் மீ குழம்பில் இடுவர். மலாய்க்காரர் தேங்காய்ப்பாலில் வேகவைப்பர். நம்மவர் தேங்காய்த்துருவலோடு வதக்குவர். இம்மூன்று அடுப்புகளிலும் அது வெந்த பின்னரே தட்டுக்கு வரும். 1994-ஆம் ஆண்டுவாக்கில் தைவானில், உடல் மெலியும் என நம்பி அவ்விலையைப் பச்சையாக அரைத்து, சாற்றை நாள்தோறும் பருகும் வழக்கம் பரவிற்று. 200க்கும் மேற்பட்டோர் கொடிய நுரையீரல் நோய்க்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். கீரையின் புகழ் கடல் கடந்தது. அடுப்பு உடன் செல்லவில்லை.

அப்படியானால் வாய்மூடி இருத்தலே நலமன்றோ என்று மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான், ஆனால் ஒப்புவதற்கில்லை. நாம் சொல்லாவிடினும் செடி வேலியோரத்தில் நிற்கும். அரைகுறையாய்க் கேள்விப்பட்டவன் என்றேனும் அதைப் பறிப்பான். சொல்பவருக்கு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லும் கடமை உண்டெனில், கேட்பவருக்கு இறுதிவரை கேட்கும் கடமையும் உண்டு. அன்று நான் பெயர்களை மட்டுமே கேட்டேன். ஆசிரியனுக்கு அது பழக்கதோஷம் போலும்.

அடுத்த வாரம் மீண்டும் சென்றேன். “எப்படி ஆக்குவீங்க, பாட்டி?” என்றேன். அவர் என்னைச் சற்றுநேரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேலியின் மறுகோடியில், களைக்கொல்லி பட்டுப் பழுத்துக் கிடந்த புல்லைச் சுட்டிக்காட்டி, எங்கே பறிக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்கினார்.