மன்னித்த பிறகும் நியாயம் வேண்டுமா?



"மன்னிச்சாச்சுன்னா அப்புறம் வழக்கு எதுக்கு பாஸ்டர்?" என்று ஒரு விசுவாசி என்னிடம் கேட்டார்.

1999 ஜனவரியில் ஒடிசாவிலே மனோகர்பூர் கிராமத்தில், குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்த கிரஹாம் ஸ்டெயின்ஸும், 10 வயது பிலிப்பும், 6 வயது தீமோத்தியும் வண்டியில் தூங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலையாளிகளை மன்னித்தார். பாரிபதாவில் தங்கி அதே ஊழியத்தைத் தொடர்ந்தார். ஆனாலும் வழக்கு நடந்தது. முதல் குற்றவாளிக்கு 2003-ல் மரண தண்டனை. 2005-ல் அது ஆயுள் தண்டனையானது. 2011-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

பாத்தீங்களா? பழிவாங்கும் எண்ணத்தை நெஞ்சிலிருந்து எடுத்துப்போடுவது இரக்கம். இன்னொருவன் அடிபடாமல் காப்பது நீதி. சிலுவையிலே இரண்டும் சந்தித்தன. அங்கே பாவம் லேசாக எண்ணப்படவில்லை, கிரயம் செலுத்தப்பட்டது; பாவியும் தள்ளப்படவில்லை.

ஆகவே, வீட்டில் அடிபடுகிற சகோதரியிடம், "மன்னிச்சிட்டு பேசாம இரும்மா" என்று நான் சொல்லமாட்டேன்; நீங்களும் சொல்லாதீங்க. கசப்பைக் கர்த்தருடைய பாதத்தில் வைக்க அவளோடு ஜெபியுங்க. நியாயம் கேட்க அவளோடு கூடப் போங்க. ஆமென்!