கூட்டாளிக்கு விட்ட வாடகை வீடு

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் வாடகைக்கு வரும் வீடுகளில் சில, மகளுக்கென்று கட்டப்பட்டவை. அங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு சீதனமாகப் பெண்ணுக்கே போகும். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். கல்யாணம் வரைக்கும் பூட்டிக் கிடக்காமல் அதைத் தெரிந்த கூட்டாளி ஒருவருக்கு வாடகைக்கு விடுவோர் உண்டு. அவருடைய தொழில் படுத்தால் வாடகை நிலுவையாகும். அந்நேரம் விட்டுக்கொடுப்பது கடமையா, தருமமா? விட்டுக்கொடுக்கும் உரிமை யாருடையது?

இஸ்லாம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனப்படி, கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்க வேண்டும். கடனையே விட்டுவிடுவது அதைவிட மேலான தருமம். முன்னது கடமை, பின்னது விருப்பம். அதற்கு இரண்டு வசனம் தள்ளி, கடனை எழுதிச் சாட்சியும் வைக்கும்படி கட்டளை வருகிறது. இரக்கமும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. “கூட்டாளிக்குள்ள என்ன எழுத்து?” என்று விடுவதில்தான் ஆபத்து. எவ்வளவு பாக்கி, எது மன்னிக்கப்பட்டது என்று தெரியாதவர், வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் கண்டால் மற்றப் பக்கத்தால் போய்விடுவார். இலங்கைச் சட்டத்திலும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும்.

நிலுவையை ஸகாத் என்னும் கட்டாயத் தருமத்தில் கழிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ சட்டப் பிரிவின் (மத்ஹபின்) வலுவான கருத்து, கூடாது என்பதே. ஸகாத் பெறுபவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கடனாளிகள் ஸகாத்துக்குரிய எட்டு வகையினரில் அடங்குவர். தகுதியிருந்தால் கூட்டாளிக்கும் கொடுக்கலாம். ஆனால் “இதை வாடகையாகத் திருப்பித் தா” என்ற நிபந்தனையோடு கொடுத்தால் ஸகாத் நிறைவேறாது. நிபந்தனையின்றிக் கொடுத்து, அவர் தாமாகவே அதைக்கொண்டு கடனை அடைத்தால் குற்றமில்லை. வெறும் சட்ட நுணுக்கம் போலத் தோன்றும் இவ்விதி ஒரு மனிதரின் மானத்தைக் காக்கிறது. அந்தக் காசில் முதலில் பிள்ளைக்குக் கொப்பி வாங்குவதா, வாடகை கொடுப்பதா என்று தீர்மானிப்பவர் அவராகவே இருக்கிறார்.

விவிலியத்தின் உபாகமம் 24ஆம் அதிகாரமும் இதே மானத்தை நினைக்கிறது: அடகுப் பொருளை வாங்கப் போகிறவர் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும். வீட்டுக்காரரே கூட்டாளியாகவும் இருந்தால் இதைக் கடைப்பிடிப்பது கடினம். தேத்தண்ணி குடிக்க உள்ளே போனவரின் கண், புதிதாக மாட்டிய மின்விசிறியில் போய் நிற்கும். வாடகை கேட்கும் நாளையும் விருந்துக்குப் போகும் நாளையும் வேறாக வைப்பது நல்லது.

திருக்குறளின் பழைமை அதிகாரம், நண்பர் உரிமையோடு செய்ததைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் பொறுப்பவர் தாங்குவது தம்முடைய இழப்பாக இருக்க வேண்டும். வீடு மனைவியின் பெயரிலோ மகளின் பெயரிலோ இருக்கையில் கணவர் வாடகையை விட்டுக்கொடுப்பது பிறர் பொருளில் காட்டும் தாராளம். இஸ்லாமியச் சட்டத்தில் மனைவியின் சொத்து அவருக்கே உரியது. வயதுக்கு வராத மகளின் சொத்தைப் பராமரிக்கும் தகப்பனுக்கு அதை இனாமாக விட உரிமையில்லை. வீடு மனைவியுடையதானால், தவணை கொடுப்பது அவருக்கும் கடமைதான். நிலுவையை விட்டுவிடுவது அவர் விருப்பம். அவர் சம்மதிக்காவிட்டால், கணவர் கூட்டாளியின் நிலுவையைத் தம் உழைப்புக் காசிலிருந்து கட்டலாம். அதுதான் அவர் செய்யக்கூடிய தருமம்.