க்ஷமைக்கு முன்னே பிரதிக்கிரமணம்



தசலட்சண பருவம் நிறைவுற்று, க்ஷமாவாணி நாளில் ஜினாலயத்தில் ஒருவர்க்கொருவர் கைகூப்பிப் பொறுத்தருள வேண்டினோம். முன்பு அச்சிட்ட அட்டைகள் அஞ்சலில் சென்றன. இப்போது கைப்பேசி வழியே நொடிப்பொழுதில் செல்கின்றன. நன்று. ஆயினும், அவ்வாறு நாம் வேண்டிக்கொண்டவர்களுள் பெரும்பாலோர் நமக்கு எத்தீங்கும் செய்யாதவர். நாமும் அவர்க்குச் செய்தோமில்லை. மாமன் மகனிடமும் சம்பந்தியிடமும் பிழை பொறுக்க வேண்டுவது எளிது. (சம்பந்தியிடம் வேண்டுவது அத்துணை எளிதன்று என்பாரும் உளர்; அது நிற்க.) பத்து அறங்களுள் உத்தம க்ஷமையை முதற்கண் வைத்த ஆசாரியர்கள், இவ்வளவு எளிதான ஒன்றையா வைத்திருப்பர் என்னும் ஐயம் எமக்குச் சில ஆண்டுகளாகவே உண்டு.

இவ்வையம் எழுந்தது பெரம்பலூர், அரியலூர்ச் சீமையை நினைத்தபோது. எமது ஆசிரியப் பணியின் முற்பகுதி அங்கேதான் கழிந்தது. நம்மவர் இல்லங்கள் அரிதான பகுதி அது. 1995-இல் திருச்சி மாவட்டத்தினின்றும் பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அதனின்றும் அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் சேர்ந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. இத்தனை முறை கோடு கிழித்தும் அழித்தும், அதன்பொருட்டு இரு வீட்டார் பகைத்ததாக யாம் கேட்டதில்லை. வரைபடத்தில் காணாத வேறொரு கோடு அங்குள்ள ஊர்களில் உண்டு. ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் இடையே ஓடும் அக்கோட்டை எந்த அரசாணையும் இட்டதில்லை. எந்த அரசாணையாலும் அதை முற்ற அழிக்கவும் இயலவில்லை. 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் நாளன்று, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் பானைச் சின்னத்தை முன்னிட்டு மூண்ட பூசலில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன.

அடித்தவர்களும் நம் பள்ளிகளில் பயின்றவர்கள் அல்லரோ? தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முற்பக்கத்தில், தீண்டாமை பாவம், குற்றம் என அறிவிக்கும் வாசகம் அச்சிடப்பட்டு வந்துள்ளது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளின் கண்ணில் அது பல நூறு முறை பட்டிருக்கும். ஆனால் அப்பக்கத்திலிருந்து தேர்வில் வினா வருவதில்லை. வினா வராத பக்கத்தை ஆசிரியர் நடத்துவதில்லை. யாமும் நடத்தியதில்லை.

2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர்தம் தங்கையையும் உடன்பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின்னர், நீதியரசர் சந்துரு அவர்களின் தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூன் திங்களில் அவர் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டு நீங்கவேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடா, மாணவரைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்தவேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள் உள. அனைத்தும் வேண்டுவனவே. ஆயினும், கையிலுள்ள கயிற்றை அறுப்பது ஆசிரியர்க்கு ஒரு நாள் வேலை. கயிறு கட்டாத ஆசிரியரின் மௌனத்தை அறுப்பது எந்நாள் வேலை?

இங்கே எமது குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

1973-இல் அப்பகுதிச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் யாம் பணியேற்றோம். தாழ்வாரத்தில் ஒரு மண்பானை. அதன் மூடிமேல் ஒரு குவளை. ஊர்த்தெருப் பிள்ளைகள் தாமே மொண்டு குடிப்பர். காலனிப் பிள்ளைகள் இரு கைகளையும் குவித்து, குனிந்து நிற்பர். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் குவளையை உயரத் தூக்கி ஊற்றுவான். அவ்வழக்கத்தை யாம் ஏற்படுத்தவில்லை. யாம் செல்லுமுன்பே இருந்தது. மூன்றாண்டுகள் நாள்தோறும் கண்டோம். ஒரு சொல் சொல்லவில்லை. குடியிருந்த வாடகை வீடு ஊர்த்தெருவில் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இதனினும் நாணத்தக்க செய்தி ஒன்று உண்டு. அப்பானை நீரைத் துணியிட்டு வடிகட்டி நிரப்பச் செய்தவர் யாமே. வடித்த நீரையே பருகவேண்டும் என்பது நாம் பிறந்த நாள்முதல் கைக்கொண்ட ஒழுக்கமன்றோ! நீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கு ஊறு நேரலாகாது என்று அத்துணியை நாள்தோறும் அலசிக் காயவைத்த எமக்கு, பானையருகே குனிந்து நின்ற குழந்தையின் பிடரி கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை.

பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றியபோது, ஒற்றுமை என்னும் தலைப்பில் மாணவ ஆசிரியை ஒருவர் பாடக்குறிப்பு எழுதிவந்தார். கோத்த கைகளின் படம், பல நிற மின்னட்டைகள், ஃப்ளானல் பலகையில் ஒட்டி எடுக்கத்தக்க குழந்தை உருவங்கள் என அத்தனை அழகு. உயர்ந்த மதிப்பெண் இட்டோம். கற்பித்தல் பயிற்சிக்கு அவர் சென்ற பள்ளியில் பிள்ளைகள் எவ்வாறு தண்ணீர் குடித்தனர் என்று கேட்கவில்லை. அப்பாடத்தில் எல்லாக் குழந்தைகளும் கைகோத்திருந்தனர். எவரும் எவர்க்கும் எதுவும் செய்ததாக அதில் இல்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை வந்தடையும் வழிகளைக் கணக்கிடுகின்றது. எண்ணுதல், அதற்கு வேண்டுவன கூட்டுதல், செயலைத் தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படல் என மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், பற்று என நான்கு. பெருக்கினால் நூற்றெட்டு. நம் ஜபமாலை மணிகள் நூற்றெட்டாக இருப்பதற்கு இதனையே காரணமாகப் பெரியோர் கூறுவர். அவற்றுள் மூன்றிலொரு பங்கு, முப்பத்தாறு மணிகள், உடன்படலுக்கு உரியவை. பொன்பரப்பிச் செய்தியை நாளிதழில் படித்து, "நாம் எவர் வீட்டையும் இடிக்கவில்லையே" என்று ஆறுதல் கொள்வோர் அம்முப்பத்தாறு மணிகளை விரலால் தாண்டிச் செல்கின்றனர். குலச் செருக்கும் பிறப்புச் செருக்கும் நற்காட்சியைக் கெடுக்கும் எண்வகை மதங்களுள் அடங்குவன என்பதையும், அருங்கலச் செப்பு படித்த இல்லத்தார்க்கு யாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

எனவேதான் நம் அறநெறியில், க்ஷமைக்கு முன்னே ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் நிற்கின்றன. இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன பிழை செய்தேன் என்று பெயர் சொல்லி உரைத்தல் முதற்படி. பிரிந்த மக்களை இணைக்கும் பாடம் எழுதுவோர் இப்படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர். பிழையின் பெயர் சொல்லாது ஒற்றுமையைப் பாடும் பாடம், கட்டியைக் கீறாமல் மேலே சந்தனம் பூசுவதை ஒக்கும்.

தான் நேரிற் செய்யாத பிழைக்கும் பொறுப்பேற்றவர் ஒருவரின் வரலாறு அரியலூரோடு பிணைந்திருக்கின்றது. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் நிலைகுலைய, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள் இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பாலத்தைக் கட்டியவருமல்லர், வண்டியை ஓட்டியவருமல்லர். அவ்வாண்டே மகபூப்நகர் விபத்தின்போது அவர் அளித்த பதவி விலகலைப் பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் மீண்டும் அளித்தார், ஏற்கப்பட்டது. இந்நிகழ்ச்சி பொது அறிவு வினாவாகப் பலர்க்கும் மனப்பாடம். சாதிப் பிணக்கைப் பற்றிய பாடத்தின் அருகே வைத்து இதனைக் கற்பித்த ஆசிரியரை யாம் கண்டதில்லை.

இனி, நம் புண்ணுக்கு வருவோம். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் கதையை நம் வீட்டுக் குழந்தைகள் பாட்டியர் வாயிலாகக் கேட்டே வளர்கின்றனர், யாமும் சொல்லியிருக்கின்றோம். அக்கதையை விரித்துரைப்பன பிற்காலச் சைவ நூல்களே. அவற்றுள் பெரியபுராணம், நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டது. வரலாற்றறிஞர் பலர் அதனை ஐயுறுகின்றனர். சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்கின்றோமா? அன்றியும், அக்கதையோடு நிறுத்திவிடுகின்றோமா, பின்னர் நிகழ்ந்ததையும் சொல்கின்றோமா?

பின்னர் நிகழ்ந்ததில் பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்கும் பங்குண்டு. சைவப் பற்று மிக்க குடும்பத்தில் பிறந்த உ.வே.சாமிநாதையர் இளமையில் அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ் பயின்றார், குன்னத்தில் வாழ்ந்தார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடங்கேட்டார். அந்நூலை இயற்றிய அமிதசாகரர் நம் சமண முனிவர். கற்பித்தவர் ரெட்டியார், கற்றவர் ஐயர், நூல் சமணருடையது. பின்னர், 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, அதன் சமயக் கருத்துகள் தமக்கு விளங்கவில்லை என உணர்ந்த ஐயர், அவ்வூர்ச் சமண இல்லங்களை நாடிச் சென்று, தெரியாதவற்றைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தவர் நம்மவர் வீட்டில் மாணவராய் அமர்ந்தார். நம் முன்னோரும் பழங்கதையை நினைத்துக் கதவைச் சாத்தவில்லை. கழுமரக் கதையைச் சொல்லும் பாட்டியர் இக்கதையையும் உடன் சொன்னால் குழந்தைக்கு இரு கண்ணும் வாய்க்கும்.

இதனையே பாடநூல் வடிவில் செய்து பார்த்தவர்களும் உளர். பாலஸ்தீனத்துச் சாமி அத்வான், இஸ்ரேலின் டான் பார்-ஆன் என்னும் பேராசிரியர் இருவர், இரு நாட்டு ஆசிரியர்களையும் கூட்டி வரலாற்று நூல் ஒன்று ஆக்கினர். பக்கத்தின் ஒருபுறம் ஒரு மக்களின் வரலாறு. மறுபுறம் மற்றவர் வரலாறு. நடுவே வெற்றிடம், மாணவர் தாமே எழுதுவதற்கு. இருதரப்புக் கல்வித் துறைகளும் அதனைப் பாடநூலாக ஏற்கவில்லை. அந்நாட்டில் குருதியும் நின்றபாடில்லை. ஆயினும், அநேகாந்தத்தைக் கேட்டறிந்த நமக்கு அந்நடு வெற்றிடத்தின் அருமை விளங்கும். இரு பக்கமும் ஒரே அளவு உண்மை என்பதன்று அதன் கருத்து. வீடு இடிந்தவன் கண்டதும் இடித்தவன் கண்டதும் சமமாகா. ஒருவன் கண்டதை மற்றவன் முதலில் முழுமையாகப் படிக்கவேண்டும் என்பதே.

ஞாயிறுதோறும் ஜினாலயத்தில் நம் பிள்ளைகளுக்கு நடக்கும் அறநெறி வகுப்புக்காக இவ்வாறு ஒரு குறிப்பேட்டை வரைந்திருக்கின்றோம். இடப்புறம் யான் கண்டது, வலப்புறம் அவர் கண்டது, நடுவே வெற்றிடம். முதற்பக்கம் எமது பானை. இடப்புறத்தை எழுதிவிட்டோம். வலப்புறத்தை எழுத எமக்கு உரிமையில்லை.

ஆதலின், அந்நாளில் குனிந்து நின்றவர்களுள் ஒருவரைத் தேடிச் சென்ற ஆடியில் பெரம்பலூர் போனோம். அவரும் ஆசிரியராகிப் பணிநிறைவு பெற்றவர். எதிரே நாற்காலி இட்டு அமர்த்தினார். பிழையைப் பெயர் சொல்லி உரைத்தோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பொறுத்தேன் என்றும் சொல்லவில்லை, பொறுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பிறகு, "டீச்சர், ஊத்தினானே அவனும் என் வகுப்புதான். பத்து வயசுப் பையன். அவன்கிட்ட யாராவது போய்க் கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்று ஐம்பது ஆண்டுகளாய்ச் சொல்லி வந்தும், செய்விக்கப்பட்ட ஒரு சிறுவனை அக்கணக்கில் யாம் நினைத்ததே இல்லை. அவர் இப்போது அரியலூரை அடுத்த சிற்றூரில் மகன் வீட்டில் இருப்பதாக அறிகின்றோம். தை பிறந்ததும் குறிப்பேட்டுடன் செல்ல எண்ணம்.