கிளெய்ம் மேசைக்கு வருகிறவர்களுக்கு

பாலிசி விற்க வருகிறவரைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள். கிளெய்ம் பார்க்கிறவரை அவர்களே தேடி வருவார்கள். நல்ல நாளில் யாரும் வருவதில்லை. கடை எரிந்த மறுநாள் வருவார்கள், லாரி கவிழ்ந்த மறுநாள் வருவார்கள், கணவரின் காரியம் முடிந்த கையோடு வருவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது வாழ்நாளின் மோசமான வாரமாக இருக்கலாம்; நமக்கு அது மேசையில் கிடக்கும் பல ஃபைல்களில் ஒன்று. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்வதுதான் இந்த வேலையின் முதல் பாடம் என்று நினைக்கிறேன். அதைப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவதில்லை.

•

சொல்லித் தருவது வேறு. விபத்து நடந்த தேதியில் பாலிசி உயிரோடு இருந்ததா, பிரீமியம் செக் பணமானதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் கம்பெனிக்குப் பொறுப்பு கிடையாது என்கிறது 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு. பிறகு இழப்பின் காரணம், விலக்குகள், தேய்மானக் கழிவு. காரில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழியும், கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இவையெல்லாம் சில மாதங்களில் கைக்குப் பழகிவிடும். 1955இல் தொடங்கிய மும்பை இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோ தேர்வுகளை எழுதிவிடுங்கள். பதவி உயர்வுக்கு உதவும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாலிசி வாசகம் ஒவ்வொன்றும் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று அங்கேதான் புரியும்.

•

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு சென்னை வொர்க்ஷாப்களில் கார்கள் வரிசையாக நின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் உதாரணம் அது.

நின்ற நிலையிலேயே மூழ்கிய காரின் எஞ்சினுக்கு வரும் சேதம் ஒரு வகை. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்து பார்ப்பதால் வரும் சேதம் இன்னொரு வகை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் உடைந்து பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். முதல் வகை வெள்ளச் சேதம். இரண்டாவதை, வெள்ளத்துக்குப் பிறகு உரிமையாளர் செய்த காரியத்தின் விளைவு என்று சொல்லி, எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டாத பாலிசிகளில் கம்பெனிகள் மறுத்துவிடும்.

சர்வேயரோடு போய் நின்று பாருங்கள். சீட்டிலும் டாஷ்போர்டிலும் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா, ராடு வளைந்திருக்கிறதா. உலோகம் நடந்ததைச் சொல்லிவிடும். ஆனால் சாவியைத் திருகியவர் மோசடிக்காரர் அல்ல. விடிந்ததும் வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பதறிப் பார்த்தவர். நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

இங்கே புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராடு வளைந்தது கவரில் வராமல் போகலாம். அதனால் முழு கிளெய்மும் போய்விடாது. நனைந்த சீட், கார்பெட், வயரிங், எலெக்ட்ரானிக்ஸ், எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்யும் கூலி, ஆயில் மாற்றும் செலவு எல்லாம் வெள்ளத்தின் கணக்குதான். ஒரு பகுதிக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வரும்போது மிச்சத்தைத் தேடித் தேடிக் கொடுப்பது நம் கடமை. அவர் கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். என்ன கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

•

கஷ்டமான பேச்சு ஒன்று உண்டு. குடோனில் இருந்த சரக்கு 20 லட்சம். பாலிசி 10 லட்சத்துக்கு. தீயில் போனது 4 லட்சம்.

"பத்து லட்சத்துக்குப் போட்டிருக்கேன் சார், நாலு லட்சந்தானே கேக்கறேன்?"

அவர் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் பாதி மதிப்புக்கு மட்டும் இன்சூர் செய்ததால் இழப்பிலும் பாதிதான் கிடைக்கும்: 2 லட்சம். அண்டர் இன்சூரன்ஸ் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடலாம். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு தாளை எடுத்து, அவர் முன்னால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கோபப்படுவார், படட்டும். கணக்கு புரிந்த கோபம் நாளாவட்டத்தில் ஆறும். புரியாத கோபம் ஆறாது, அவர் ஊர் முழுவதும் இன்சூரன்ஸே ஏமாற்று என்று சொல்லித் திரிவார். சொல்ல அவருக்கு நியாயமும் இருக்கும்.

2021 ஏப்ரல் 1 முதல் வந்த, பாரத் என்று பெயர் தொடங்கும் தீ பாலிசிகளில் இந்த விதி இளகியிருக்கிறது. சிறு தொழில்களுக்கு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் பிடித்தம் இல்லை. வீடுகளுக்கு இந்த விதியே இல்லை. வரவேற்க வேண்டிய மாற்றம். இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

•

சந்தேகம் பற்றி. பொய்க் கிளெய்ம் உண்டு. பழைய நசுங்கலைப் புது விபத்தில் சேர்ப்பவர்கள், ஓட்டியவரை மாற்றிச் சொல்பவர்கள், எரிந்த கடையில் இல்லாத ஸ்டாக்குக்கு பில் தயாரிப்பவர்கள். அந்தப் பணம் மற்ற பாலிசிதாரர்களுடையது, அதைக் காப்பதும் நம் வேலை. ஆனால் நான் பார்த்தவரை, வேலைக்கு வந்த புதிதில் இரண்டு மூன்று பொய்களைப் பிடித்துவிட்ட பிள்ளைகளுக்கு வருகிறவர் எல்லாருமே பொய்யராகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறார்கள். அது ஒரு நோய். சந்தேகம் ஃபைலில் இருக்கட்டும், குரலில் வேண்டாம்.

தாமதமாகத் தகவல் சொன்னார் என்பது மறுப்பதற்கு எளிதான காரணம். ஆனால் உண்மையான கிளெய்மைத் தாமதம் என்ற ஒன்றைக் காட்டியே தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2017இல் ஒரு லாரித் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஏன் தாமதம் என்று கேளுங்கள். லாரி திருடு போனவன் முதலில் லாரியைத்தான் தேடுவான். கம்பெனி நம்பரையா தேடுவான்?

சர்வேயர் ரிப்போர்ட்டும் வேதவாக்கு அல்ல. நியாயமான காரணம் இருந்தால் அதிலிருந்து விலகலாம், காரணத்தை எழுத வேண்டும். பெரியவர் கையெழுத்துப் போட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

•

மறுப்புக் கடிதத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஷரத்து எண்ணை மட்டும் போட்டு, வருந்துகிறோம் என்று முடிக்கும் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் படித்தவர் எதற்காகப் பணம் வரவில்லை என்றே அறியாமல் இருந்திருப்பார். நாளை அந்த மேசைக்கு வரப்போகிறவர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். என்ன நடந்தது, பாலிசி என்ன சொல்கிறது, ஏன் பொருந்தவில்லை என்பதை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுதலாம், அங்கும் தீராவிட்டால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். ஓம்புட்ஸ்மனின் சென்னை அலுவலக முகவரியைத் தெளிவாகப் போடுங்கள். உங்கள் முடிவு சரியாக இருந்தால் அது அங்கேயும் நிற்கும்.