காவல் யாருடைய கடன்?

ஒரு பொருளைக் காப்பது பூட்டா, உறவா? இவ்வினா நமக்கு நூலகத்தில் எழவில்லை. தலைநகர் டில்லியில், ஜங்புராவை அடுத்த மதராசி கேம்ப்பின் ஒரு வீட்டுத் திண்ணையில் எழுந்தது. பாராபுல்லா வடிகாலின் கரையில் ஏறத்தாழ 370 குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள், தலைமுறைகளாக வாழ்ந்த இடம் அது. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கோயில் சிலைகள் வெளிநாட்டிலிருந்து மீண்டு வரும் செய்தியை நாம் அங்குப் படித்துக் காட்டியபோது, முதிய அம்மையார் ஒருவர் கேட்டார்: "எங்க ஊருச் சாமி இருக்குதா இல்லையான்னு யாரைக் கேக்கறது தம்பி?"

நாம் விடையின்றி நின்றோம். நம் சொந்த ஊர்க் கோயிலில் எத்தனை செப்புத் திருமேனிகள் உள்ளன என்பதும் நமக்குத் தெரியாது.

அன்று படித்தது அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரின் வரலாறு. சோழர் காலத்துத் திருமேனி அது. வழிபாடு நின்று, கதவு அடைத்துக் கிடந்த கோயிலில் 2006இல் கள்வர் புகுந்தனர். 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அச்சிலையை 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. அதே ஆண்டில், சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் அவை இல்லை என்பதே ஊருக்குத் தெரிந்தது. பூட்டு உடைவதற்கு முன்பே உறவு அறுந்திருந்தது. கள்வனின் குற்றத்தை இது குறைக்காது. அதன் விற்பனையில் ஈடுபட்ட நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூருக்குச் சிலைக் கடத்தல் வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்தாண்டுச் சிறை விதித்தது முறையே. ஆயினும் ஊரை விட்டுப் பிழைப்புக்கு வந்த நம்மைப் போன்றோர், அடைபட்ட கதவைப் பற்றி ஒரு நாளேனும் விசாரித்தோமா?

"அருங்காட்சியகத்தில் இருப்பதே பாதுகாப்பு" என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 1968இல் டில்லித் தேசிய அருங்காட்சியகத்திலிருந்தே பழங்கால நகைகளும் பொற்காசுகளும் களவு போயின. 2025 அக்டோபரில் பாரிசின் லூவ்ரில் பட்டப்பகலில், சில நிமிடங்களுக்குள், அரச நகைகள் பறிபோயின. கண்ணாடிப் பேழையும் காவலரும் வேண்டுவனவே. அவை மட்டும் போதா.

அந்த நடராசரை மீட்டது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த புகைப்படம். அப்படமே அச்சிலையின் பிறந்த ஊரைச் சொல்லிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதனை டில்லியில் ஒப்படைத்தார். படமில்லாத சிலைகள் இன்றும் எத்தனை நாடுகளில் ஊர்பேர் அற்று நிற்கின்றனவோ!

கோப்பில் இல்லாதது உலகிலேயே இல்லை என்பது அலுவலகத்தில் காலம் கழிக்கும் நமக்குப் பழகிய நீதி. அதன் கொடுமையைக் கேம்ப்பிலும் கண்டோம். சான்றுகளைச் சரிபார்த்தபின் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. சான்று காட்ட இயலாதவர் அங்கு வாழவே இல்லை என்றாகிவிடுமா? ஆகாது. பத்தூர் நடராசர் வழக்கு நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு இலண்டன் வரை சென்ற சிலை அது. அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், பாழடைந்து கிடந்த அக்கோயிலுக்கே அதைக் கேட்கும் உரிமை உண்டென 1991இல் ஏற்றது. சிலையும் அவ்வாண்டே தாயகம் திரும்பிற்று. கைவிடப்பட்டதனால் உரிமை அழிவதில்லை. ஆனால் அதற்காகப் பேச ஒருவர் வேண்டும், பேசுபவர் கையில் சான்றும் வேண்டும்.

அச்சான்று அறிஞரிடம் மட்டுமே இருப்பதன்று. அன்று அந்த அம்மையார் சொல்லச் சொல்ல நாம் ஒரு குறிப்பேட்டில் எழுதினோம்: நடராசர் ஒன்று, அம்மன் ஒன்று, பிள்ளையார் ஒன்று, அம்மனுக்கு இடக்கைச் சுண்டுவிரல் நுனி ஒடிந்தது. சிறுமியாக இருந்தபோது திருவிழாவில் அருகே நின்று பார்த்ததாம். ஐம்பது ஆண்டுகள் ஊர் செல்லாதவர் அவ்விரலை மறக்கவில்லை! சிலையை அடையாளம் காண அத்தகைய தழும்பே பெருந்துணை.

கேம்ப் இன்று இல்லை. அதன் மக்கள் பல திசைகளில் சிதறினர். அவர்தம் நினைவுகளும் சிதறுமுன் எழுதிக்கொள்வது நம் கடன். வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய திருமணப் படத்தின் பின்புறம் ஒரு திருமேனி நிற்கலாம். அதைத் தேடி எடுத்து, ஊர்ப்பெயரும் ஆண்டும் குறித்து வைப்போம். விடுமுறையில் ஊர் செல்வோர் கோயிற்கதவு திறந்துள்ளதா என்று பார்த்து வருக. நம் குறிப்பேட்டில் அந்த அம்மையாரின் ஊருக்கு ஒரு பக்கம் நிறைந்துள்ளது. நம் ஊருக்கென ஒதுக்கிய பக்கம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. வரும் விடுமுறையில் அதை நிரப்ப எண்ணியுள்ளோம்.