எட்டு அணைக்கட்டும் ஒரு படகும்

கப்பல் வாங்கப் போன ஒருவரின் கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். வாடகைக் கப்பலை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் கம்பெனியோடு மோத முடியாது என்று தெரிந்ததும் வ.உ.சி. பம்பாய்க்குக் கிளம்பினார். திரும்பினால் கப்பலோடு திரும்புவது, இல்லையென்றால் கடலிலேயே உயிரை விடுவது என்று சபதம். அப்போது மகன் நோயில் கிடந்தான், மனைவி மீனாட்சி கர்ப்பமாக இருந்தார். சுட்டிக்காட்டிய நண்பர்களிடம் அவர்களைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய நூல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. பிள்ளையில்லாமல் நெடுங்காலம் தவம் கிடந்த பெண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு புதல்வர்கள் பிறந்தால் எப்படி மகிழ்வாளோ, அந்த மகிழ்ச்சியோடு அதை ஒப்பிட்டு ‘இந்தியா’ பத்திரிகையில் எழுதினார் பாரதி.

வ.உ.சி. மீது எனக்கிருக்கும் மரியாதை இதனால் குறையவில்லை. 1908 மார்ச்சில் கைதாகி 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. தன் கனவுக்கு அவ்வளவு விலை கொடுத்தவர். நான் யோசிப்பது அந்தக் கதையில் பெண்கள் எங்கே வருகிறார்கள் என்பதைத்தான். ஒருவர் கர்ப்பத்தோடு வீட்டில் இருக்கிறார். இன்னொருத்தி உவமைக்குள் பிள்ளை பெறுகிறாள். கப்பல் வேண்டும் என்று இருவரும் ஆசைப்பட்டதாகத் தகவல் இல்லை. ஆசைப்பட்டார்களா என்று யாரும் கேட்டதாகவும் தகவல் இல்லை.

இந்த யோசனை எனக்கு வருவது பெரும்பாலும் படகுக் கண்காட்சிகளில் சுற்றும்போது. ஆமாம், போவேன். கொச்சியில் படகுகளுக்கும் கடல் தொழில்களுக்கும் கண்காட்சி நடப்பதுண்டு. திருநெல்வேலியில் ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை எர்ணாகுளம். வாங்குவதற்கு என்னிடம் பணம் இல்லை, நிறுத்துவதற்குத் துறை இல்லை, ஓட்டவும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு படகாக நின்று பார்ப்பேன். கண்ணாடியிழை உடலைத் தட்டிப் பார்ப்பேன். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு ஆழத் தண்ணீர் வேண்டும், மழைக்கு மேலே துணி போட முடியுமா என்று கேட்பேன். விலைப்பட்டியலும் படமும் போட்ட தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதுவா அதுவா என்று ஒரு வாரம் ஓட்டுவேன். இரண்டு உடல் வைத்துக் கட்டிய சொகுசுப் படகுகளுக்கு மேல் ‘கேட்டமரான்’ என்று எழுதியிருக்கும். நம் கட்டுமரம் இங்கிலீஷுக்குப் போய், கோடிக்கணக்கில் விலை ஏறித் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

எந்தக் கண்காட்சி, எந்தக் கடை என்பது வேண்டாம், எங்கும் ஒரே கேள்விதான். “சார் வரலையா மேடம்?” இல்லை என்றால், “பையனுக்கா?” அதுவும் இல்லை என்றால், “ரிசார்ட் ஏதும் வைக்கிறீங்களா?” பக்கத்துப் படகில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கும் இளைஞனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவனும் வாங்கப் போவதில்லை, அது விற்பவருக்கும் தெரியும். ஆனால் அவன் கனவு காண்கிறான் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. என் கனவுக்கு மட்டும் ஒரு பயனாளி தேவைப்படுகிறார்.

பெண்ணுக்கு ஆசையே கூடாது என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. நகைக்கும் பட்டுக்கும் ஆசைப்படலாம். கேலி செய்வார்கள், ஆனால் தடுக்க மாட்டார்கள். ஏனென்றால் நகை அவளிடம் இருக்கிறதே தவிர அவளுடையது இல்லை. படிப்புக்கு, ஆஸ்பத்திரிக்கு, அவசரத்துக்கு என்று எப்போது வேண்டுமானாலும் அது கழுத்தை விட்டு இறங்கலாம். 1843-இல் கட்டி முடித்த சுலோசன முதலியார் பாலத்தைப் பற்றி நெல்லையில் ஒரு கதை சொல்வார்கள். அதற்கு முன்னால் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைத் தாண்டப் படகுதான். அந்தத் துறையில் நடந்த நெரிசலும் சண்டையும் பொறுக்காமல் கலெக்டர் அலுவலக சிரஸ்தாரான சுலோசன முதலியார் தன் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டினார். மனைவியின் நகைகளையும் கொடுத்தார் என்பது கதை. பாலத்துக்கு யார் பெயர் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று எங்கள் கடற்கரை ஊர்களில் இன்றும் எத்தனையோ வள்ளங்களின் எஞ்சின் ஒரு பெண்ணின் சங்கிலியாக இருந்ததுதான்.

படகுக்கு ஆசைப்படுவது வேறு. கரையை விட்டுப் போகும் ஒன்றுக்கு, தனக்கே தனக்காக ஆசைப்படுவது அது. இதைச் சுயநலம் என்று சொல்லலாமா? பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திருக்குறளில் அவா அறுத்தலுக்கு ஓர் அதிகாரமே உண்டு, 37-ஆவது. பட்டினத்தார் கப்பல் வணிகர். திரைகடல் போய் வந்த மகன் கொடுத்த பெட்டியில் காதில்லாத ஊசியைக் கண்டு எல்லாவற்றையும் துறந்தார் என்பார்கள். எனக்குப் பிடித்த கதைதான். ஆனால் அவர் துறக்கும்போது அவரிடம் கப்பல்கள் இருந்தன. அவர் மனைவி என்று கதை சொல்லும் சிவகலையிடம் துறப்பதற்கு என்ன இருந்தது? கணவர் இருந்தார், அவரும் போய்விட்டார். ஆசையை விடு என்ற அறிவுரையை, ஆசைப்படவே இடம் கிடைக்காதவரிடம் சொன்னால் அது என்ன அறம்?

எட்டாத பழம் புளிக்கும் என்று நரி சொன்ன கதையை வைத்து 1983-இல் யான் எல்ஸ்டர் ஒரு தத்துவ நூலே எழுதினார். கிடைக்காது என்று தெரிந்ததும் மனம் தன் விருப்பத்தையே வெட்டிச் சின்னதாக்கிக்கொள்கிறது என்பது அதன் சாரம். மார்த்தா நுஸ்பாம் 2000-இல் வெளியான தம் நூலில் இந்தியப் பெண்களின் வாழ்க்கையை வைத்து இதையே விரிவாகப் பேசினார். “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று ஒரு பெண் சொன்னால், அது நிறைவாகவும் இருக்கலாம், எப்போதோ வெட்டிக்கொண்டதன் தழும்பாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். என் அம்மா தலைமுறையில் இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்போம்! வாங்க முடியாத படகைப் பற்றி உட்கார்ந்து யோசிப்பது அந்த வெட்டுக்கு எதிரான வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். கிடைக்காது என்று தெரியும், ஆனாலும் புளிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

வ.உ.சி.யின் கம்பெனி பதிவாவதற்கு முந்தைய ஆண்டு, 1905-இல், சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வங்காளத்து ரொக்கையா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ வந்தது. பெண்கள் ஆளும் நாடு அது. ஆண்கள் வீட்டுக்குள் இருப்பார்கள், பெண்கள் வானூர்தியில் போவார்கள். கணவர் அலுவல் பயணம் போயிருந்த நாட்களில் பொழுது போகாமல் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். வானூர்தி எப்படி எழும்புகிறது என்பது வரை கதையில் உண்டு. கனவுக்கு அந்த விவரம் முக்கியம். மங்கலாக ஆசைப்படுவது சுலபம். எத்தனை அடி, என்ன எடை என்று ஆசைப்படும்போதுதான் நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தெரியவருகிறது.

என் விவரம் இது. பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை தாமிரபரணியில் படகில் போக வேண்டும். மலையிலிருந்து கடல் வரை மொத்த ஆறும் சுமார் 125 கிலோமீட்டர்தான். ஆனால் கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன. எட்டு இடத்திலும் இறங்கிப் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக வேண்டும். கோடையில் முழங்கால் தண்ணீர், மற்ற நேரத்தில் அமலைச் செடி. எஞ்சின் வைத்தது எதுவும் ஆகாது. ஆகவே நானே தூக்கக்கூடிய, காற்றடிக்கும் கயாக். மடித்தால் பைக்குள் அடங்கும். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, குறுக்குத்துறை முருகன் கோயில் என்று எங்கே நிற்பது, எங்கே காப்பி குடிப்பது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. எங்கே ஒதுங்குவது என்பதுதான் முடிவாகவில்லை. ஆற்றங்கரையில் ஆண்கள் இதை யோசிப்பதே இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தச் சீமையே வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் படகுகளோடு வந்து தெருக்களிலிருந்து ஆட்களை மீட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பிறகு ஒரு தோழி சொன்னாள், “இப்போ நீ படகு வாங்கினா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.” நல்ல சாக்குதான். ஆனால் அதை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஊருக்கு உதவும் என்றால்தான் எனக்குப் படகு கிடைக்கும் என்றால், அது மறுபடி சங்கிலியின் கதைதானே? 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ பாய்மரப் படகில் கிளம்பி 2025 மே இறுதியில் உலகைச் சுற்றித் திரும்பிய கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா இருவரையும் பற்றி எழுதியவர்கள் நாட்டுக்குப் பெருமை என்று எழுதினார்கள். பெருமைதான். ரூபா புதுச்சேரிப் பெண் என்பதில் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. அந்த இருவருக்கும் நடுக்கடலில் ஏதோ ஒரு ராத்திரி சும்மா சந்தோஷமாகவும் இருந்திருக்கும். அதைப் பற்றித்தான் எனக்குக் கேட்க வேண்டும்.

இதிலுள்ள நியாயமான தடை வேறொன்று. படகு சிலருக்குக் கனவு, சிலருக்குக் கடன். கண்காட்சிக்குப் போக டிக்கெட் எடுக்கும் என்னைப் போன்றவள் இதையெல்லாம் பேசலாம், எஞ்சினுக்காகக் கழுத்தை மொட்டையாக்கிக்கொண்டவளிடம் பேச முடியுமா? உவரிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் ஓர் அக்காவிடம் கேட்டே விட்டேன்.

“போட்டு வாங்குனது என் செயினு எம்மா. பேரு அந்தோணியாரு. ஏறிப் போறது அவிய. நான் கரையோட சரி.”

“ஏறணும்னு தோணுமாக்கா?”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “தோணாம? எஞ்சின் ஆவாது, சத்தம். பழைய பாயி போட்டதுதான் வேணும். ராத்திரி போவணும். வல கில ஒண்ணும் ஏத்தக் கூடாது. சும்மா போயிட்டு வரணும்.”

எத்தனை வருடமாக இது முடிவாகி அவருக்குள் இருக்கிறதோ! இதனால் எனக்கும் அவருக்கும் நடுவிலுள்ள தூரம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் கடனில் இன்னும் பாதி நிற்கிறது. நான் அடுத்த கண்காட்சிக்கு எப்போது டிக்கெட் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னுடையது என்ன படகு என்று அவர் திருப்பிக் கேட்டார். சொன்னேன்.

“காத்தடிச்சதா? அது பலூன்லா! ஆத்துல பூரா உடமுள்ளு. பாவநாசத்துல எறங்குனா அம்பைக்கு முன்னாடியே புஸ்ஸுனு போயிரும். பைபர்ல சின்னதா ஒண்ணு பாரு.”

“அதை எட்டு அணைக்கட்டிலயும் யாருக்கா தூக்குறது?”

“ரெண்டு பேரு போனா தூக்கிறலாம்லா” என்றார்.